கிட்டாரின் ஙொய் சத்தம்

மகளின் புதுக் கிட்டாருக்கு வயர் கிடையாது. முதல் நாள் பார்த்தபோது வயரை எங்கேயோ போட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து தேடினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு, தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புத் துண்டைக் காட்டினாள். அதைக் கிட்டாரில் சொருகினால் போதுமாம், சத்தம் காற்றிலேயே ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். போதாததற்கு, போனில் விரலால் ஒரு தட்டு தட்டினால் கிட்டாரின் குரலே மாறிவிடுகிறது.

"இது குண்டு கிட்டாரு. இது ரெண்டு கொம்பு வெச்சது. இது உள்ள காலியா இருக்கும்னு சொல்லுவியே, அது. போதுமாப்பா?"

நான் தோளில் சுமந்து அலைந்த மூன்று கிட்டார்களையும் மூன்று தட்டில் முடித்துவிட்டாள். எனக்குக் கேட்கத் தோன்றியது ஒன்றுதான்.

"எர்த்து?"

"இன்னாப்பா எர்த்து? பேட்டரிப்பா இது!"

இன்று காலை அந்தக் கிட்டாரோடு வெள்ளிமலைக்குப் போயிருக்கிறாள். கல்லூரி முகாமின் கடைசி நாள், சாயந்தரம் கலை நிகழ்ச்சி. மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தேன், கல்வராயன் மலை இருக்கும் திசையே கருத்துக் கிடக்கிறது. மேலே நல்ல மழை போலிருக்கிறது. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. மலையில் சிக்னல் கிடைக்காது என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, மாடி ஏறுவதும் இறங்குவதுமாகத்தான் இருக்கிறேன். ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால் கால் மாடிப் பக்கம் போகாது என்று உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் சிரிக்காமல் கேட்க வேண்டும்.

மகள் பிறப்பதற்கு முன் நான் கள்ளக்குறிச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். குழுவை நடத்தியவர் பாபு அண்ணன், கீபோர்டும் அவர்தான். சின்னசேலம் பக்கம் கல்யாண வரவேற்பு, ரிஷிவந்தியம், நைனார்பாளையம் பக்கம் கோயில் திருவிழா என்று வண்டி ஓடியது. பாட வந்தவள்தான் மல்லிகா. ஒரே வேனில் போய் ஒரே வேனில் திரும்பி, கடைசியில் ஒரே வீட்டுக்கும் வந்துவிட்டோம். இப்போது அடுப்படியிலிருந்து, "எத்தினி தடவ மாடி ஏறுவீங்க, முட்டி தேயப் போவுது" என்று குரல் கொடுப்பவள் அவளேதான்.

என் முதல் கிட்டார் வயிறு காலியானது. நெஞ்சில் இரண்டு பக்கமும் வளைவாகத் துளை போட்டு, பார்க்க ராஜா வீட்டுச் சாமான் மாதிரி இருக்கும். சத்தமும் அப்படித்தான், பால்கோவா. மெதுவான பாட்டுக்கு விரலால் மீட்டினால் நமக்கே கண் கலங்கும். ஆனால் ஸ்பீக்கர் பக்கம் திரும்பினால் போச்சு, ஊவென்று ஊளையிட ஆரம்பித்துவிடும். தன் சத்தத்தையே உள்ளே வாங்கி வாங்கித் திருப்பி விடும். ஒரு சாவு வீட்டு முப்பதாம் நாள் காரியத்தில் பக்திப் பாட்டுக்கு நடுவில் அது ஊளையிட, சும்மா இருந்த பெண்கள் எல்லாம் மறுபடி அழ ஆரம்பித்தார்கள். அதோடு அதைக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது, இரண்டு கொம்பு வைத்தது. தட்டையான முழுக் கட்டை, கனமே இல்லாமல் காற்றாக இருக்கும், இடுப்பெலும்புக்கும் நெஞ்செலும்புக்கும் இடம் விட்டுச் செதுக்கியிருப்பான். மேலே மாட்டினால் நம் உடம்பிலேயே ஒரு பாகம் போல உட்கார்ந்துகொள்ளும். கழுத்தைத் தனியாகச் செய்து ஸ்குரு போட்டு முடுக்கியது. சத்தம் வெள்ளிக்காசைக் கல்லில் போட்டது போலச் சுத்தமாக இருக்கும். குத்துப்பாட்டுக்குச் சுக்கு சுக்கென்று தாளம் வெட்ட அதை விட்டால் வேறு ஆள் இல்லை.

ஆனால் அதில் ஒரு சனியன். கம்பிகளுக்கு அடியில் இருந்து சத்தத்தைப் பிடிக்கும் காந்தச் சுருள் ஒற்றைச் சுருள். ட்யூப் லைட், சீரியல் பல்பு, எங்கே கரண்ட் ஓடினாலும் அதை எல்லாம் பிடித்து ஙொய்ய்ய் என்று ஸ்பீக்கரில் கொட்டும். பாட்டு நடக்கும்போது தெரியாது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் அறிவிப்பாளர் பேசும்போது, பின்னால் மாட்டுக் கொட்டகைக் கொசு மாதிரி இது. கம்பியின்மேல் உள்ளங்கையை வைத்தால் சட்டென்று அடங்கும். எடுத்தால் மறுபடி ஙொய். அதனால் நான் மேடையில் எந்நேரமும் கம்பியைத் தொட்டபடியே நிற்பேன்.

அந்த அடங்குதலில் ஒரு விஷயம் இருந்தது. கிட்டார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் எங்கள் ஆம்ப் பழையது, அதன் இரும்புக் கூட்டில் கரண்ட் கசியும். அந்தக் கசிவு கிட்டார் கம்பி வரைக்கும் வரும். அதை மண்ணுக்குள் இறக்கிவிட சவுண்டு சர்வீஸ் ரவி மேடைக்குப் பக்கத்தில் இரும்புக் கம்பி ஒன்றை அடித்து, உப்புத் தண்ணீர் ஊற்றி, ஆம்பிலிருந்து அதற்கு வயர் இழுப்பான். அதுதான் எர்த்து. எர்த்து சரியாக இருந்தால் கை வைத்ததும் ஙொய் அடங்கும். அடங்காமல் கூடினால், எர்த்து போச்சு என்று அர்த்தம். கோயில் மேடையில் செருப்புப் போட முடியாது, அம்மனுக்கு எதிரே எல்லோரும் வெறுங்கால். எனக்கோ கரண்ட் என்றால் சின்ன வயதிலிருந்தே உயிர் போகும் பயம். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் கையை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, அதைக் கேட்டுவிட்டுத்தான் வாசிப்பேன்.

"இன்னாடா, கொழந்தைய தட்டித் தூங்க வெக்கிற மாதிரி?" என்பார் பாபு அண்ணன்.

அந்த ஙொய் கல்யாண வீடியோக்களில் எல்லாம் பதிவாகிறது என்று புகார் மேல் புகார். பாண்டிச்சேரியில் ஒரு நண்பர் வெளிநாடு போகும்போது, தன் குண்டு கிட்டாரை எனக்குத் தள்ளிவிட்டார். மூன்றாவது அது. ஒரே கொம்பு, தடித்த உடம்பு, கழுத்தையும் உடம்பையும் பசை போட்டு ஒட்டியது, தலை பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். என்ன கனம் என்கிறீர்கள், அரிசி மூட்டையைத் தோளில் தொங்கவிட்ட மாதிரி. ஆனால் ஒரு கம்பியைத் தட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம், சத்தம் நின்றுகொண்டிருக்கும். கெட்டி வெல்லப்பாகு. முக்கியமாக, அதில் காந்தச் சுருள் இரட்டை. ஒன்று பிடிக்கும் இரைச்சலை மற்றது அழித்துவிடும். ஙொய் என்ற பேச்சே இல்லை.

எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் பழகவில்லை. கை வைத்தாலும் ஒன்றுதான், எடுத்தாலும் ஒன்றுதான். எர்த்து இருக்கிறதா இல்லையா, எதை வைத்துத் தெரிந்துகொள்வது? இன்னொரு தலைவலி, வயரைப் பக்கவாட்டில் சொருக வேண்டும். லேசாக மிதித்தால் கழன்றுவிடும். கச்சேரி நடுவில் கழன்று எத்தனையோ தடவை மானத்தை வாங்கியிருக்கிறது.

அந்த ஆடியில் கச்சிராயபாளையத்தைத் தாண்டி, அணைக்குப் போகும் பக்கம் ஒரு ஊரில் கூழ் ஊற்றும் திருவிழா. பகல் கச்சேரி, என் தோளில் அந்தக் குண்டு கிட்டார். காலித் தார் டிரம்களின் மேல் பலகை போட்டு மேடை. மல்லிகாவுக்கு அப்போது வயிறு நன்றாகத் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "அம்மன் பாட்டு நாலு பாடிட்டு உக்காந்துடப் போறேன், சும்மா இருங்க" என்று வந்துவிட்டாள்.

அம்மன் பாட்டு ஆரம்பித்ததும் பெண்கள் மஞ்சத்தண்ணிக் குடத்தோடு மேடைக்கு முன்னால் வந்துவிட்டார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி அம்மனைப் பாடுகிறாள், அவள் காலுக்கு ஊற்றாமல் விடுவார்களா? கைத்தாங்கலாகக் கீழே இறக்கினார்கள். மைக்கைப் பக்கத்துப் பெண் வாங்கிக்கொண்டு தானே பாட ஆரம்பித்துவிட்டாள். நடத்தி வைத்த ஒரு பெரியம்மா மேடையைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"புருசங்காரன் எங்க? சோடியா நிக்க வெச்சி ஊத்தணும். அந்த கிட்டாரு தம்பிய எறக்குங்க!"

நான் கிட்டாரைக் கழற்றப் போனேன்.

"பாட்ட நிறுத்தாத சாமி! தண்ணி ஊத்தி முடிக்கிற வரைக்கும் நிக்கக் கூடாது!"

பாபு அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். "வாசிச்சிக்கினே எறங்குடா."

பலகையின்மேல் நிற்கும் வரை எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வாசித்துக்கொண்டே வெறுங்காலை அந்த மஞ்சள் சேற்றில் வைத்தேன்.

அதை எப்படிச் சொல்ல. யாரோ உள்ளிருந்து என் எலும்பைப் பிடித்து உலுக்கிய மாதிரி இருந்தது. கை கம்பியைப் பிடித்துக்கொண்டது, விட நினைத்தாலும் விடவில்லை. பல் கிட்டிப்போனது. குரல் வரவில்லை. உடம்பு உதறு உதறென்று உதறுகிறது, கண் முன்னால் மல்லிகா நிற்கிறாள்.

அந்தக் கூட்டம் என்ன நினைக்கும், நீங்களே சொல்லுங்கள். ஆடி மாசம், அம்மன் சன்னிதி, அம்மன் பாட்டு, ஒருத்தன் கண் செருகி உதறுகிறான்.

"ஓம் சக்தி! தம்பி மேல ஆத்தா வந்துட்டா!"

தலையோடு ஒரு குடம் மஞ்சத்தண்ணி ஊற்றினார்கள். பாபு அண்ணனும் நம்பிவிட்டார், தாளத்தை இன்னும் ஏற்றினார். அதுகூடப் பரவாயில்லை. பெரியம்மா மல்லிகாவின் முதுகில் கை வைத்து என் பக்கம் தள்ளினார்.

"போம்மா, ஆத்தா கைய புடிச்சி வவுத்துல வெச்சிக்க. கொழந்த நல்லா பொறக்கும்."

மல்லிகா ஈரக்காலோடு வந்தாள். கையைக் கூப்பிக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு, என்னை நம்பி வந்தாள். வராதே என்று கத்தினேன், மனதுக்குள் மட்டும். அந்த நேரம் அம்மனைக்கூட நான் கும்பிடவில்லை, அவளுக்குக் கால் இடறட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். அவள் கை என் மணிக்கட்டுக்கு வந்துவிட்டது.

இடறியது என் கால்தான். சேற்றில் வழுக்கிப் பின்னால் சாய்ந்தேன். மேடையிலிருந்து வந்த வயர் விண்ணென்று இழுபட்டு, பக்கவாட்டுச் சொருகலில் இருந்து கழன்றது. என் மானத்தை வாங்கிய அதே சொருகல். பசை போட்டு ஒட்டிய கழுத்து பலகை முனையில் பட்டு, சாய்ந்த தலை மளுக்கென்று முறிந்தது. மல்லிகா என் கையைப் பிடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. பிடித்த கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

"எம்மா தாயே, இன்னா கொழந்தன்னு சொல்லும்மா" என்று கேட்டார் பெரியம்மா.

"எர்த்து" என்றேன். வேறு வார்த்தை வாயில் வரவில்லை.

ரவிதான் புரிந்துகொண்டு ஓடினான். மேடைக்குப் பின்னால் ஒரு கிடா வேப்பிலையைத் தின்றுகொண்டிருந்தது, நேர்த்திக்கடனுக்கு விட்ட கிடா. அதன் கழுத்துக் கயிற்றின் மறுமுனையில் எங்கள் எர்த்துக் கம்பி, அறுந்த வயரோடு. ஈர மண், ஒரு இழுப்பில் வந்துவிட்டது போலிருக்கிறது. ரவி கத்திய கத்தலுக்கு ஆட்டுக்காரர் சாவதானமாகச் சொன்னார்:

"கம்பி சும்மாதான நின்னுக்கினு இருந்திச்சி. ஆடு கட்டத்தான் அடிச்சி வெச்சிருக்கீங்கன்னு பாத்தேன்."

அந்த ஊர்க்காரர்கள் கொஞ்ச காலம் வரை ஆடி வந்தால் பாபு அண்ணனுக்குப் போன் போட்டு, சாமி வந்த கிட்டாருக்காரர் வருவாரா என்று விசாரிப்பார்கள். நான் போகவில்லை. ரெண்டு கொம்புக் கிட்டாரைத் திரும்ப எடுத்தேன், ஙொய் போட்டாலும் பரவாயில்லை என்று. யார் புகார் சொன்னாலும் காதில் வாங்கவில்லை. மகள் பிறந்து, தவழ்ந்து வந்து ஆம்புக்குப் பக்கத்தில் உட்காருவாள். நான் கையை வைத்து எடுத்து, ஙொய்யை நிறுத்தியும் விட்டும் காட்டினால் கெக்கெக்கே என்று சிரிப்பாள். அவளுக்குத் தெரிந்த முதல் சங்கீதம் அதுதான்.

இப்போது பாபு அண்ணன் இல்லை. குழு இல்லை. எர்த்துக் கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்த ரவியும் எல்.இ.டி. திரை வாடகைக்கு விடுகிறான். ரெண்டு கொம்புக் கிட்டார் மட்டும் பீரோவுக்கு மேல் படுத்திருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் டிங்கென்றது. பொழுது சாயப் போகிறது. மலையில் எங்கோ ஒரு மூலையில் சிக்னல் கிடைத்து, யாரோ தோழி அனுப்பிய வீடியோ. மல்லிகா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஷாமியானா சொட்டுகிறது, தரை எல்லாம் சேறு, மகள் நடுவில் நின்று வாசிக்கிறாள். காலில் ஷூ இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். படம் இடுப்பு வரைக்கும்தான் இருந்தது.

"எவ்ளோ நல்லா வாசிக்கிறா பாருங்க!"

"ம்."

"அப்புறம் இன்னாத்துக்கு மூஞ்சி அப்டி கீது?"

நான் போனைக் காதில் ஒட்டி வைத்துக்கொண்டேன். ஒரு பாட்டு முடிந்தது. கைதட்டினார்கள். அடங்கினார்கள். அடுத்த பாட்டு ஆரம்பிக்கும் வரை ஙொய் இல்லை, மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும், எப்டிப்பா இருந்திச்சி என்று கேட்பாள். என்ன சொல்லப் போகிறேனோ தெரியவில்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருந்ததைத்தான் நான் கேட்டேன். அங்கே ஒன்றுமே இல்லை.