பிழையில்லாத பதிவு

புதுச்சேரியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. தமிழ் வலைப்பதிவுகள் பெருகிய காலம் அது. மாலையில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, யார் பதிவாக இருந்தாலும் பின்னூட்டத்தில் பிழைகளைப் பட்டியலிடுவேன். பலர் திட்டுவார்கள். அரியாங்குப்பத்தில் தையல்கடை வைத்திருந்த ரஹீமா மட்டும் நன்றி சொல்வார்.

ஒருநாள் அவர் பதிவில் வழக்கத்தைவிட அதிகப் பிழைகள். எரிச்சலோடு பதினான்கையும் எழுதி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மாலை பார்த்தால் எல்லாம் திருத்தப்பட்டிருந்தன. கீழே அவருடைய பதில்: "திருத்திட்டேன் சார். ரத்தம் கெடைக்குமா?"

அப்போதுதான் அந்தப் பதிவில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்தேன். அவருடைய அம்மாவுக்கு அவசரமாக ஓ நெகடிவ் ரத்தம் தேவை என்று எழுதி, ஆஸ்பத்திரி வார்டையும் குறிப்பிட்டிருந்தார். என் ரத்தமும் அதே வகைதான்.

ஓடினேன். அம்மாவின் உடலைக் கொண்டுபோக வண்டிக்காக வராந்தாவில் காத்திருந்த ரஹீமா, நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றார்.

"மத்தியானமே மவுத்தாயிட்டாங்க சார்," என்றார். "தப்பில்லாம இருந்தா நாலு பேரு படிப்பாங்கன்னு நெனச்சேன். அதான் ஒக்காந்து திருத்துனேன்."



அந்தப் பதிவு இன்னும் இணையத்தில் இருக்கிறது. அதில் ஒரு பிழைகூட இல்லை.