ஈனிட்டுக்காக ஒரு சட்டம்

ஈனிட் சைசருக்கு ஒரு மகன் இருந்தார், அவளைவிட ஒரு வயது மூத்தவர். சிரிக்காதீர்கள். முப்பத்திரண்டு வயதில் அவள் ஆர்தர் என்ற வயதானவருக்கு இரண்டாம் தாரமாகப் போனாள். மூத்தாளின் மகன் வில்ஃப் அப்போதே கப்பலில் சமையல் வேலைக்குப் போய்விட்டிருந்தார். இங்கிலாந்துக் கடலோரத்தில் எங்கள் ஊரான பிரிட்லிங்டனில் அவள் ரொட்டிக் கடையில் நிற்பாள், எதிரே என் கம்பளி நூல் கடை. இருபது வருஷம் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டே வியாபாரம் செய்தோம்.

ஆர்தருக்குப் பக்கவாதம் வந்ததும் வில்ஃப் கப்பலை விட்டுவிட்டு வந்தார். ஆறு வருஷம் இருவருமாகக் கிழவரைத் தூக்கிக் குளிப்பாட்டி ஊட்டிவிட்டார்கள். அவர் போன பிறகு வில்ஃப் கிளம்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈனிட் எனக்கு மெல்லிசாகவும் அவருக்குத் தடிமனாகவும் கேக் வெட்டினாள். என்னடி சங்கதி என்றேன். காது மடல் வரை சிவந்துவிட்டாள்.

ஆனால் சட்டம் குறுக்கே நின்றது. அப்பாவின் மனைவியை மகன் மணக்கக் கூடாது, அப்பா செத்தாலும் கூடாது. இந்தத் தடைகளுக்கெல்லாம் வேர் எட்டாம் ஹென்றி ராஜா காலத்தில் இருக்கிறதாம். அண்ணன் விதவையைக் கட்டிக்கொண்டு இருபது வருஷம் வாழ்ந்துவிட்டு, இது பாவம் என்று தள்ளிவைத்துவிட்டு, மேற்கொண்டு ஐந்து பேரைக் கட்டிய மனுஷன்! அவர் ஆடிய கூத்துக்கு என் ஈனிட் ஏன் அழ வேண்டும்? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஒரே வழி, இந்த இருவருக்கு மட்டும் தனியாக ஒரு சட்டம் என்றார் வக்கீல். நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் ஒப்புக்கொள்ள வேண்டும், பிறகு ராணி சம்மதிக்க வேண்டும். விண்ணப்பம் போட்டார்கள். மேலவைப் பிரபுக்கள் சிலர் தனி அறையில் உட்கார்ந்து விசாரித்தார்கள். பேசாமல் சேர்ந்து வாழலாமே, யார் கேட்கப்போகிறார்கள் என்றார் ஒருவர். ஈனிட் மடியில் கையுறைகளைப் பிசைந்துகொண்டே, "நாங்க கேட்டுப்போம் ஐயா, தினமும்" என்றாளாம்.

மசோதா இரண்டு அவைகளையும் தாண்டியது. அந்த வாரம் பார்த்து வில்ஃபின் இதயம் மக்கர் செய்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எத்தனை வாரம் தாங்கும் என்று மருத்துவரால் சொல்ல முடியவில்லை. வெள்ளிக்கிழமையோடு கூட்டத்தொடர் முடிகிறது. அதற்குள் ராணியின் சம்மதம் வராவிட்டால் மசோதா செத்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வில்ஃபுக்கு நாள் இருக்காது. ராணி மாட்டேன் என்றுவிட்டால் என்று நான் பதறினேன். படுத்தபடியே அவர் சிரித்தார்.

"அவங்களால மாட்டேன்னு சொல்ல முடியாது நோரா. கடைசியா அப்படிச் சொன்னது ஆன் ராணி. அதுக்கு அப்புறம் இருநூத்தி எழுபது வருஷத்துக்கு மேல யாரும் சொன்னதில்ல."

"அப்புறம் எதுக்குக் கேக்கணுமாம்?"

"கேக்குறதுதான் மரியாதை. நான்கூட ஈனிட்கிட்ட இன்னும் கேக்கல. உரிமை இல்லாததை எப்படிக் கேக்குறது?"

கேட்டீர்களா கதையை! ஊரறிய விண்ணப்பம் போட்டாயிற்று, பெண்ணிடம் இன்னும் கேட்கவில்லையாம். கப்பலில் அத்தனை வருஷம் வெந்தும் கூச்சம் போகாத மனுஷன்.

ஈனிட் அவர் கையை விடமாட்டேன் என்றதால் லண்டனுக்கு நான் போனேன். பிரபுக்கள் அவையின் பார்வையாளர் மாடத்தில் இடம் கிடைத்தது. ராணியைப் பார்க்கலாம் என்று புதுத் தொப்பி போட்டிருந்தேன். சிம்மாசனம் காலி. அதன் முன்னே ஐந்து பேர் சிவப்பு அங்கியில் ராணிக்குப் பதிலாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சட்டங்களின் பெயரை வாசிக்க, இன்னொருவர் குனிந்து பழைய பிரெஞ்சில் ஏதோ சொன்னார். மற்றச் சட்டங்களுக்கு ஒரு வாசகம். ஈனிட், வில்ஃப் பெயர்கள் வந்தபோது வேறு வாசகம். மறுத்துவிட்டார்களோ? பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். 'விரும்பியபடியே ஆகட்டும்' என்று அர்த்தமாம், தனி ஆட்களுக்கான சட்டம் என்றால் அப்படித்தான் சொல்வார்களாம். நான் அழுதுவிட்டேன், தொப்பியோடு.

வெளியே ஓடிவந்து டெலிபோன் கூண்டிலிருந்து ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டேன். நர்ஸ் டெலிபோனைக் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆயிற்று என்றேன். ஈனிட் திரும்பி வில்ஃபிடம் சொல்வதும், அவர் தலையணையைச் சரிசெய்து உட்கார வைக்கச் சொல்வதும் கேட்டது. பிறகு அவர் குரல் வந்தது.

"ஈனிட், என்னைக் கட்டிக்கிறியா? ராணியே சரின்னுட்டாங்க."

"ராணிக்கு மாட்டேன்னு சொல்ல வழியில்ல வில்ஃப்" என்றாள் அவள். "எனக்கு இருக்கு. இருந்தும் சரிங்கறேன்."