மொக்கைச்சாமியின் ஜப்பான் கார்

“இஞ்சின் சத்தம் எங்க வச்சு மாறுச்சு?” என்று கேட்டார் மொக்கைச்சாமி.

“விராட்டிபத்து தாண்டுறப்பவே, மாமா,” என்றாள் துணைக்கு முன்சீட்டில் வந்திருந்த மருமகள் ராமக்காள்.

“அப்பவே சொல்லியிருந்தா கிளட்ச்ச மிதிச்சிருப்பேன்ல?”

“சொன்னேன் மாமா.”

“நீ சொன்னது ஒனக்கே கேட்டிருக்காது, தாயி. எங்க வீட்டுக்கு மருமக வந்தது பக்கத்து வீட்டுக்கே இன்னந் தெரியாது.” சிரித்தார்.

“ரெண்டாவது வாட்டி கத்தித்தான் சொன்னேன். பின்னாடி இருந்த அக்காவுக்குக்கூடக் கேட்டுச்சு.”

சிரிப்பு நின்றது. புளியமர நிழலில் பச்சைப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்த பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையசைத்தாள்.

இஞ்சின் இறுகி, பின்சக்கரங்கள் சுற்றாமல் சாலையில் தேய்ந்துகொண்டே போய், கார் சாலையோரம் சாய்ந்து நின்றிருந்தது. யாருக்கும் அடியில்லை.

பினாங்கிலிருந்து திரும்பிய ஒருவரிடம் எழுபத்தாறில் வாங்கிய குட்டி ஜப்பான் கார் அது. கூரையே நெஞ்சுயரம்தான். மொபெட்டுக்கு ஊற்றுவதைப் போலப் பெட்ரோலோடு ஆயிலும் ஊற்ற வேண்டும். ஊற்றியபின் இரண்டும் கலக்கும்படி வண்டியைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டுவார் மொக்கைச்சாமி. “அண்ணே, புள்ள தூங்கிருச்சா?” என்று நாகமலை புதுக்கோட்டை டீக்கடையிலிருந்து குரல் வரும். அன்றைக்கு அவசரத்தில் ஆட்டாமல் கிளம்பிவிட்டார்; ஆயில் சேராமல் இஞ்சின் சூடேறி இறுகிவிட்டது.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவர்களை ஊரில் கொண்டுபோய் விடுவதுதான் அவர் பிழைப்பு. பிள்ளை தூங்கினால் ஹாரன் அடிக்க மாட்டார். எதிரே வரும் மாட்டுவண்டிக்காரரிடம் கையெடுத்துக் கும்பிட்டு வழி கேட்பார். இஞ்சினின் இரைச்சல் கொஞ்சம் கம்மினாலும் காது பிடித்துவிடும். சக்கரம் இறுகுமுன் கால் கிளட்சுக்குப் போய்விடும். அந்தக் காதைத்தான் அந்த இரைச்சலே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருந்தது.

இஞ்சின் ஆறி இளகியதும், தாயையும் பிள்ளையையும் ஊர்ந்து ஊர்ந்து வீடு சேர்த்தார். பிறகு காரின்மேல் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டார்.

“வித்துரப் போறேன்,” என்றார் மனைவியிடம்.

“வித்துப்புட்டு எத ஆட்டுவீக? ஆட்டுக்கல்லு கெடக்கு, வாங்க,” என்றாள் ஒச்சம்மாள்.

“காது போயிருச்சு, ஒச்சம்மா. பச்சப்புள்ளய ஏத்திக்கிட்டு இனி எந்தத் தைரியத்துல ஓட்டுறது?”



செக்கானூரணியிலிருந்து ஒருவர் வந்தார். மகளையும் பேரனையும் மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வர வேண்டும் என்றார். “வண்டி ஓடாதுண்ணே,” என்று மொக்கைச்சாமி அவரை அனுப்பிவைத்ததை ராமக்காள் அடுப்படியிலிருந்து கேட்டாள். ஓடும் வண்டியை ஓடாது என்று அவர் சொல்லி அவள் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் ஜன்னல் வழியே பார்த்த மொக்கைச்சாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தார்ப்பாய் மடித்துக் கிடந்தது. கார் தன்னால் ஆடுவதுபோல் ஆடிக்கொண்டிருந்தது. வெளியே வந்தார். காலடியில் காலி ஆயில் டப்பா இருக்க, ராமக்காள் இரண்டு கையாலும் வண்டியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் தலைகுனிந்தாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

மறுபக்கம் போய் நின்று அவரும் கொஞ்ச நேரம் ஆட்டினார். பிறகு முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சொன்னார்:

“ஏறு தாயி. நீ வாயத் தொறக்க வேணாம். சத்தம் மாறுனா மட்டும் என் தோளத் தட்டு. மாமனாருன்னு கூச்சப்படாம, நல்லா ஓங்கித் தட்டு.”