ஏழாம் எண் கேட்பாளர்

ஏழாம் எண்ணைப் பார்த்து முதலில் சிரித்தது நான்தான்.

"இந்த ஆளு காதைக் கழட்டி பையில வெச்சுட்டு வந்திருக்கான் சார்" என்று, ஒலிகளைக் கேட்டவர்கள் போட்ட மதிப்பெண்கள் இருந்த திரையை எங்கள் டீம் லீட் பக்கம் திருப்பினேன். அவர் மங்களூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். சேலத்தில் இன்ஜினியரிங் படித்ததால் தமிழிலும் நன்றாகவே கிண்டல் செய்வார், கூப்பிடுவது மட்டும் ஊர்ப் பழக்கத்தில் 'மாராயித்தி', நம் 'அம்மா தாயே' போல.

"தூக்கிப் போடு மாராயித்தி. யாருன்னு மட்டும் பாத்துச் சொல்லு. நாளைக்கு நானே அவனுக்குச் சூடா காபி வாங்கித் தரேன், காதுல ஊத்திக்கட்டும்."

எண்களுக்கு உரிய பெயர்கள் வேறொரு கோப்பில் இருந்தன. திறந்தேன். ஏழுக்கு நேராக என் பெயர் இருந்தது.

"யாரு, யாரு?" என்று அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். "ஃபைல் ஓப்பன் ஆகல சார்" என்றேன். அப்போதுதான், யாரும் கூப்பிடாமலே, அப்பாவின் காது நினைவுக்கு வந்தது. சுரங்கத்தில் போன காது என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறேன். ஆனால் நான் ஒரு நாளும் எந்தச் சுரங்கத்திலும் இறங்கியதில்லையே என்று தோன்றியது. அந்த எண்ணம் வந்தபின் போகவில்லை.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு மூச்சு வாங்கும், வீட்டில் யாரும் முழுதாகக் கேட்டதில்லை. காது கேட்கும் கருவியும் பாட்டுக் கேட்கும் இயர்பட்ஸும் இதுவரை வேறு வேறு சாதிகளாக இருந்தன. கருவிக்குள் போன் பேச்சு வர வேண்டுமென்றால் எந்தக் கருவிக்கு எந்தப் போன் என்று பொருத்தம் பார்க்க வேண்டும். புதிய புளூடூத் முறையில் இரண்டுக்கும் ஒரே வழி. டிவியோ, விமான நிலைய அறிவிப்போ, கோயில் மண்டபத்து மைக்கோ, ஒரு சின்னப் பெட்டி ஒலிபரப்பினால் போதும். சுற்றியிருக்கும் எத்தனை காதுகளும் அதை நேராக வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒலியை நன்றாகச் சுருக்கி அனுப்ப வேண்டும், இல்லையென்றால் கருவியின் குட்டி பாட்டரி மதியத்துக்குள் தீர்ந்துவிடும். மனிதக் காது எப்படியும் கவனிக்காது என்று தெரிந்த பகுதிகளை வீசித்தான் சுருக்குகிறோம்.

எவ்வளவு வீசலாம்? அதற்குத்தான் எங்கள் அலுவலகத்திலேயே பன்னிரண்டு பேரை அமைதி அறையில் ஒவ்வொருவராக உட்கார வைத்து, ஒரே பேச்சை, ஒரே வீணைத் துண்டைப் பல விதமாகச் சுருக்கிக் கேட்கவைத்து மதிப்பெண் போடச் சொல்கிறோம். இந்த முறை நடுவில் வேண்டுமென்றே கெடுத்த ஒன்றையும் ஒளித்து வைத்தோம். கீச்சென்ற மேல் ஒலிகளையெல்லாம் வெட்டி எறிந்தது, தலையணைக்குப் பின்னாலிருந்து யாரோ பேசுவது போல இருக்கும். அதைக்கூடக் கண்டுபிடிக்காதவரின் மதிப்பெண்ணைச் சேர்க்கக் கூடாது. இந்த யோசனையைச் சொன்னதே நான்தான்.

நான் அதற்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு போட்டிருந்தேன். எல்லாச் சுற்றிலும். 'காதில் குறை உண்டா?' என்று படிவத்தில் கேட்டிருந்ததற்கு நேரே 'இல்லை' என்று டிக் அடித்திருந்தேன்.

எல்லோரும் கேன்டீனுக்குப் போனதும் அமைதி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அந்த அறையின் சுவர்கள் சத்தத்தைக் குடித்துவிடும். நம் மூச்சே பக்கத்தில் யாரோ விடுவது போலக் கேட்கும். எங்கள் இயர்பட்ஸிலேயே காது பரிசோதனை உண்டு. சின்னச் சின்ன ஒலிகள் வரும், கேட்டால் திரையைத் தொட வேண்டும். தொட்டேன், தொட்டேன், தொட்டேன். பிறகு ஒன்றும் வரவில்லை. திரையில் கோடு மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

அந்த நிசப்தம் எனக்கு ஏற்கெனவே பழக்கம். மூன்று மாதம் முன்னால் இதே பரிசோதனையை ஓட்டிப் பார்த்துவிட்டு, 'பாதிக்கு மேல் ஒலி வருவதில்லை, ஆப் நின்றுவிடுகிறது' என்று புகார் பதிந்தவள் நான். ஆப் டீம்காரர்கள் 'எங்களுக்கு வருகிறது' என்று புகாரை மூடினார்கள். மறுபடி திறந்தேன். மறுபடி மூடினார்கள். கடைசியில் அந்த டீமில் ஒருத்தர் என் மேசைக்கே வந்து இயர்பட்ஸை மாட்டிப் பார்த்து, "வருதேங்க?" என்று என் முகத்தைப் பார்த்தார்.

"உங்க பீஸ்ல வரும், என் பீஸ்ல வராது" என்று சண்டை போட்டேன்.

அவர் மாட்டியிருந்தது என் பீஸைத்தான்.

அன்று மாலை அல்சூரில் வீட்டுக்குள் நுழையும்போதே அம்மா கத்திக்கொண்டிருந்தாள். "ஃபிரிட்ஜு பீப் பீப்னு அட்ச்சிக்கினே கீது, எதிர்லயே குந்திக்கினு கீறாரு உங்கப்பா. அப்பனுக்கும் பொண்ணுக்கும் ஒரே திமிரு! தொறந்தா மூட மாட்டீங்க."

இத்தனை வருடமாக அதைச் சோம்பேறித்தனம் என்றே நானும் நம்பியிருந்தேன். அன்று ஃபிரிட்ஜ் பக்கத்தில் போய்க் குனிந்தேன். கதவில் காதை ஒட்ட வைத்தபோதுதான், அடுத்த தெருவில் எங்கோ அடிப்பது போல, அது மெல்லக் கேட்டது.

"இன்னாடி, அதுகிட்ட ரகசியம் பேசிக்கினு கீற?" என்றாள் அம்மா.

அப்பா கேஜிஎஃப்காரர். அங்கிருந்த தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு பொம்மசந்திராவில் ஒரு பம்பு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்து ஓய்வு பெற்றவர். வெடிச் சத்தத்தில் காது போனவர் என்பது எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். அதில் அவருக்கு ஒரு மரியாதையும் உண்டு. எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் அவருடைய காது வரைபடம், பிரேசர் டவுனில் ஒரு கிளினிக் கொடுத்தது, பீரோவில் இருந்தது. அதை எடுத்து, போனில் இருந்த என் பரிசோதனைக் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். சத்தத்தால் கெட்ட காது என்றால், கோடு பெரும்பாலும் ஓரிடத்தில் பள்ளம் விழுந்து மறுபடி ஏறும். வேலைக்காக இதையெல்லாம் படித்திருக்கிறேன். எங்கள் இரண்டிலும் ஏற்றமே இல்லை. ஒரே சரிவு. அவருடையது என்னுடையதைவிட ரொம்ப தூரம் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். வயதானால் எந்தக் காதும் இப்படித்தான் சரியும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். எனக்கு இருபத்தாறு வயது.

அவருக்குப் புதிய கருவி வாங்கியதிலிருந்து எங்கள் வீட்டு டிவி ஊமை. ஒலிபரப்புப் பெட்டி சத்தத்தை நேராக அவர் காதுக்குள் அனுப்பிவிடும், ஸ்பீக்கரை அணைத்துவிடுவோம். அவர் மட்டும் தனியாகச் சிரிப்பார். அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறைக்குள் போய், போனை மைக்காக மாற்றினேன். இதுவும் எங்கள் முறையில் ஒரு வசதி: போனில் மெல்லப் பேசினால் அவர் காதுக்குள் மட்டும் விழும்.

"அப்பா, திரும்பாதீங்க. நான்தான். அம்மாவுக்குக் கேக்காது. ஆமான்னா தலையாட்டுங்க, வாயத் தொறக்காதீங்க."

அவர் வாயைத் திறந்தால் தெருவுக்கே கேட்கும். தோள்கள் மட்டும் இறுகின.

"மைன்ஸ்ல சேர்றதுக்கு முன்னாடியே உங்களுக்குக் காது மந்தமாப்பா?"

டிவியில் யாரோ வாயை அகலத் திறந்து சிரித்தார்கள். அவர் தலை ஒருமுறை கீழே இறங்கி மேலே வந்தது.

"தாத்தாவுக்கும்?"

ஆட்டினார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

தலை இடமும் வலமுமாக அசைந்தது. அம்மா நிமிர்ந்தாள். "யாருக்கு இல்ல இல்லன்னு தலையாட்றீங்க? டிவில கீறவன் பொண்ணு கேக்கறானா?"

அடுத்ததை அப்போதே சொல்லியிருக்க வேண்டாம். எனக்கு எதையும் ஆறப்போடத் தெரியாது. "எனக்கும் வந்துடுச்சுப்பா" என்றேன்.

அவர் இரண்டு கருவிகளையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, தன் குரலின் அளவு தெரியாமல், "ஏரி வரைக்கும் போய்ட்டு வரலாம் வா பாப்பா!" என்று கத்தினார்.

"வரும்போது டீத்தூள் வாங்கிக்கினு வாங்க" என்றாள் அம்மா, பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இருட்டத் தொடங்கியிருந்தது. ஏரி வேலியோரம் பாதி தூரம் நடந்தோம். பிறகு அவர் ஒரு காதில் மட்டும் கருவியை மாட்டிக்கொண்டார்.

"இருவது வயசுல சேர்ந்தேன். ஆளுங்கள உள்ள கொண்டு போற கூண்டு எறங்கறதுக்கு முன்னாடி மணி அடிப்பாங்க. எத்தினி மணின்னு எண்ணணும். எனக்குச் சரியா வுழாது. பக்கத்தில கீறவன் வெரலப் பாத்து எண்ணுவேன். ஒரு நாளு அவன் லீவு." அவர் நடையை நிறுத்தவில்லை. "கால வெச்சிட்டேன், கூண்டு கெளம்பிட்ச்சி. பின்னால எவனோ சட்டையப் புட்ச்சி இழுத்தான். நாலே மாசம் பாப்பா, அவ்ளோதான் நானு உள்ள இருந்தது. அப்பால மேலயே ஆபீஸ்ல போட்டுட்டாங்க."

"அப்போ வெடிச் சத்தம்?"

"மைன்ஸ்ல போச்சுன்னா, பாவம், ஒழைச்சவன்னு பொண்ணு குட்த்தாங்க. பரம்பரையில கீதுன்னா எவன் குடுப்பான்?" இப்போது நின்றார். "உனக்கு ஒரு எடம் பேசிக்கினு கீறோம். அது முடியட்டும். அதுவரைக்கும் எந்த டெஸ்ட்டும் எடுக்காத. எழுத்துல எதுவும் வேணாம்."

"முடிஞ்சப்புறம் எனக்கொரு பொண்ணு பொறந்து, அதுவும் ஃபிரிட்ஜைத் தொறந்து வெச்சா?"

"இன்னா சொன்ன?" என்றார். கேட்கவில்லையா, கேட்டும் கேட்காதது போலவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் திருப்பிச் சொல்லவில்லை. ஏரி நடுவில் மரங்களில் பறவைகள் அடைந்துகொண்டிருந்தன. எவ்வளவு கூச்சல் இருந்திருக்கும், அதில் எனக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்று யோசித்துக்கொண்டே வீடு வரை நடந்தேன்.

மறுநாள் டீம் லீடிடம் சொன்னேன். "ஏழு நான்தான் சார்."

அவர் முதலில் கேபிளைச் சரிபார்க்கச் சொன்னார். பிறகு ஹெட்போனை மாற்றச் சொன்னார். எதையும் மாற்றாமல் நான் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "போன வருஷத்து ரவுண்டுல எல்லாம் நீ இருந்தியா?"

"எல்லாத்துலயும் இருந்தேன் சார்."

"அப்போ அந்தக் கெட்டதை ஒளிச்சு வெக்கல, இல்லையா?"

"வெக்கல."

எவ்வளவு வீசலாம் என்று போன வருடம் முடிவு செய்த காதுகளில் இரண்டு என்னுடையவை. 'வித்தியாசமே இல்லை' என்று நான் போட்ட மதிப்பெண்களை எல்லோரும் புதிய முறைக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டார்கள். அப்படி முடிவான கருவிகள் இப்போது கடைகளில் இருக்கின்றன. அப்பா போட்டிருப்பதும் அதில் ஒன்றுதான்.

நாளை சனிக்கிழமை. பிரேசர் டவுன் கிளினிக்கில் பத்தரைக்கு எனக்கும் பதினொன்றுக்கு அப்பாவுக்கும் நேரம் வாங்கியிருக்கிறேன். அவர் வருகிறேன் என்று சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறார். அலுவலகத்தில் திரையில் நகர்ந்த கோட்டைப் பார்த்து இரண்டு மூன்று இடங்களில் நான் ஊகித்துத் தொட்டிருக்கிறேன் என்று சந்தேகம், அப்படியென்றால் என் உண்மையான கோடு இன்னும் கீழே இருக்கும். நாளை திரைக்கு முதுகைக் காட்டி உட்காரப் போகிறேன். அம்மாவையும் கூடக் கிளம்பச் சொல்லியிருக்கிறேன், எதற்கென்று சொல்லவில்லை. ஆட்டோ வருவதற்குள், போனை உள்ளேயே வைத்துவிட்டு, அப்பா பக்கத்தில் நிற்கும்போதே, அவளிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும்.