நான் இழுக்காத கயிறு

எண்பதுகளின் கடைசியில், யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்து வெம்பிளியில் ஒரு அறையில் நாங்கள் இருந்த காலம். எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்புத்தான். இங்கிலீசும் அவ்வளவாகத் தெரியாது. பக்கத்து வீட்டு அக்கா ஒருவர், தான் வேலை செய்த ஜப்பான்காரரின் பாக்டரியில் என்னையும் சேர்த்துவிட்டார்.

ரேடியோ, டிவிக்குள் வைக்கும் சின்னச் சின்னப் பாகங்கள் அங்கே செய்தார்கள். மிளகளவு உடம்பு, தலைமுடி போல இரண்டு கால். கால் நேராக இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்துத் தட்டில் அடுக்குவது என் வேலை. அடுத்த இருக்கையில் அக்கா கடைசியாகப் பார்த்து, அனுப்பும் பெட்டியில் தன் நம்பரைக் குத்துவார்.

தலைக்கு மேலே ஒரு கயிறு தொங்கும். பிழை நடந்தால் அதை இழுக்க வேண்டும். மஞ்சள் விளக்கு எரியும், சாமான் ஓடும் பெல்ட் நிற்கும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்குப் பயந்தே நான் அதைத் தொட்டதில்லை.

"உம்மட வாயிலயும் ஒரு கயிறு கட்டி இழுக்கவேணும்" என்று அக்கா பகிடி பண்ணுவார்.

நிலத்தில் விழுந்ததைச் சிவப்புப் பெட்டியில் எறிந்துவிட வேண்டும் என்பது அங்கே கண்டிப்பு. ஒருநாள் அக்கா தண்ணீர் குடிக்கப் போயிருந்த நேரம், என் கை பட்டு ஒரு தட்டு முழுவதும் கொட்டிவிட்டது. அவ்வளவையும் எறிய மனம் வரவில்லை. சோறு சிந்தினாலே பொறுக்கி எடுத்து வளர்ந்த கை. குனிந்து பொறுக்கி, ஊதி, வளைந்த கால்களை நகத்தால் நிமிர்த்தித் திரும்ப அடுக்கிவிட்டேன்.

சில வாரம் கழித்து அந்தச் சாமான் வாங்கினவர்களிடமிருந்து திரும்பி வந்தது. கால்களின் அடியில் கீறல் விட்டிருந்ததாம். வந்த பெட்டியில் இருந்தது அக்காவின் நம்பர். அந்த மாதம்தான் அவரை எங்கள் வரிசைக்குச் சூப்பர்வைசர் ஆக்க இருந்தார்கள். எங்கள் தமிழ்ப் பெண்களில் அந்த வேலைக்கு அவர்தான் முதல் ஆள்.

ஜப்பான் மேனேஜர் ஒவ்வொருவரிடமும் வந்து கேட்டார். எனக்கு அதைத் தமிழில் சொன்னது அக்காவேதான்.

"கீழ விழுந்ததை எடுத்துப் போட்டனீரோ எண்டு கேக்கிறார், பிள்ளை. பயப்பிடாமல் சொல்லும். ஏசமாட்டாராம்."

"இல்லை அக்கா" என்றேன்.

அக்கா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இவள் பொய் சொல்லமாட்டாள் என்று தானாகவே சேர்த்து மேனேஜரிடம் சொன்னார். அந்தளவு இங்கிலீசு எனக்கு விளங்கும்.

சூப்பர்வைசர் வேலை வேறொருவருக்குப் போனது. தன் கண்ணில்தான் பிழை என்று நினைத்து அக்கா மூக்குக்கண்ணாடியை மாற்றினார். பிறகு வேலையையும் விட்டுவிட்டு, லண்டனின் கிழக்கே குட்மேய்ஸ் பக்கம் குடிபோய்விட்டார். கோயிலில் காணும்போதெல்லாம் சொல்ல நினைப்பேன். அவர் சுகம் கேட்பார். நான் ஓம், ஓம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

தொண்ணூறுகளில் பாக்டரியை மூடினார்கள். கடைசி நாள், மற்றவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு போன பிறகு, அந்தக் கயிற்றை முதல்முறையாக இழுத்துப் பார்த்தேன். கரண்டை நிறுத்தியிருந்தார்கள். விளக்கு எரியவில்லை.

அக்காவும் இப்போது இல்லை. ஏசமாட்டார்கள் என்று தெரிந்தும் வாய் திறக்காததற்கு, கூச்சம் கூச்சம் என்றே இத்தனை வருடமும் எனக்கு நானே சாட்டுச் சொல்லி வந்திருக்கிறேன். அது கூச்சம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.