இரண்டாயிரம் மீட்டருக்கு ஒரு கால்சட்டை

கெபார்ட் ஃபெஸ்லர் தம் ஐம்பத்து மூன்று ஆண்டு வாழ்வில் அவசரப்பட்டு முடிவெடுத்ததாக எந்தப் பதிவும் இல்லை. ஃபோரால்பெர்க் மலைநாட்டின் ஒரு பள்ளத்தாக்கில், நிலப்பதிவு அலுவலகத்தில் அவர் எழுத்தர். ரைனெல்டேயிடம் மணந்துகொள்ளச் சம்மதமா என்று கேட்க நான்காண்டுகள் யோசித்தார். ஐந்தாம் ஆண்டுத் தொடக்கத்தில் ரைனெல்டேயே கேட்டுவிட்டார்.

அலுவலகத் தலைவர் டுர்ன்ஹெர் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். பதினெட்டு ஆண்டுகளாகக் கெபார்டை அவர் ‘திரு’ என்று பொருள்படும் ‘ஹெர்’ சேர்த்து ‘ஹெர் ஃபெஸ்லர்’ என்றும் ‘நீங்கள்’ என்றுமே அழைத்துவந்தார். பக்கத்து மேசை மார்ட்டினாவை மட்டும் பெயர் சொல்லி, ‘நீ’ என்பார். மார்ட்டினா ஒருமுறை அவரோடு மலை ஏறியதே காரணம். மலைநாட்டு வழக்கப்படி இரண்டாயிரம் மீட்டர் உயரத்துக்கு மேல் ஹெர்ரும் இல்லை, டாக்டரும் இல்லை. எல்லோரும் வெறும் பெயர், எல்லோரும் ‘நீ’. அங்கே கொடுத்த ‘நீ’யைக் கீழே இறங்கியபின் திரும்பப் பெறுவதும் வழக்கமில்லை.

ஆகவே ஜனவரி இறுதியில் தலைவர், “யோசேப்பர் திருநாளன்னிக்கு ஸ்கீ போட்டு மேல ஏறுறோம், நீங்களும் வர்றீங்களா ஹெர் ஃபெஸ்லர்?” என்று கேட்டபோது, கெபார்டுக்கு அது பதவி உயர்விலும் பெரிதாகப் பட்டது. மார்ச் பத்தொன்பதில் வரும் அந்தத் திருநாளுக்கு ஏழு வாரங்கள் இருந்தன. ஸ்கீ என்னும் பனிச்சறுக்குப் பலகைகளும் காலணியும் மைத்துனரிடம் இரவல் கிடைத்தன. கால்சட்டை மட்டும் வாங்க வேண்டியிருந்தது.

“இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார் ரைனெல்டே, அடுப்பில் பாலாடைக்கட்டியை உருக்கிக்கொண்டே. “ஏறுறதுக்கு மெல்லிசா ஒண்ணு வாங்கு. மலைக்குப் போற நாற்காலி லிஃப்ட்ல உக்காந்து போறதுக்குத்தான் பழைய பஞ்சு வெச்சது கிடக்கே.”

“ரெண்டுக்கும் ஒண்ணாத்தான் இருக்கணும். ஒரு நிலத்துக்கு ஒரு எண்தான்.”

“நீ என்ன நிலமா கெபார்ட்?”

அவர் பதினான்கு பத்திகள் கொண்ட அட்டவணை போட்டார். துணி எவ்வளவு தண்ணீரைத் தாங்கும், எவ்வளவு வியர்வையை வெளியே விடும், ஸ்கீயின் விளிம்பு உரசினால் கணுக்கால் பகுதி கிழியுமா, காலணிக்குள் பனி புகாமல் உள்பட்டி உண்டா என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கடைக்கு ஒன்பது முறை போனார். ஒன்பதாம் முறை கடைக்காரி நோட்புர்கா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“கோபப்படாதீங்க. மலை ஏறினா வேர்க்கும். இந்தப் பஞ்சு வெச்சது உங்களுக்கு வேண்டாம்.”

“லிஃப்ட்ல மைனஸ் பதினஞ்சு இருக்குமே.”

“அன்னிக்கு லிஃப்ட்லயா போறீங்க?”

“இல்ல. ஒருவேளை போனா?”

நோட்புர்கா அதையே பையில் போட்டுக் கொடுத்தார். மொத்த மதிப்பெண்ணில் அதுவே முதலிடம். ஒரே ஒரு குறைதான் அட்டவணையில் பதிவாகியிருந்தது: இரு பக்கமும் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை ஓடும் ஜிப். தேவையற்றது, தண்ணீர் புகக்கூடும்.

யோசேப்பர் திருநாள் காலையில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஆயிரத்து முந்நூறு மீட்டரில் பின்னோக்கி வழுக்காமலிருக்க ஸ்கீயின் அடியில் தோல்பட்டை ஒட்டி நால்வர் ஏறத் தொடங்கினார்கள்: தலைவர், அவர் மனைவி, மார்ட்டினா, கெபார்ட். ஆயிரத்து அறுநூறில் வெயில் சரிவு முழுவதும் இறங்கியது. அட்டவணையில் முதலிடம் பிடித்த கால்சட்டை ஒரு சொட்டு ஈரத்தையும் உள்ளே விடவில்லை. உள்ளிருந்ததை வெளியேயும் விடவில்லை. கெபார்டின் கால்கள் ஆவிச்சட்டியில் வைத்த மாவுருண்டைகளாக வெந்தன.

“கெபார்ட், உன் முட்டியில புகை வருது,” என்றாள் மார்ட்டினா. பக்கத்து மேசைக்காரர்களுக்குள் எப்போதுமே ‘நீ’தான்.

கைக்கடிகாரம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது மீட்டர் காட்டியபோது அவர் பனியில் உட்கார்ந்துவிட்டார். தலைவர் திரும்பிப் பார்த்தார்.

“நீங்க இங்கயே இருங்க ஹெர் ஃபெஸ்லர். இறங்கும்போது கூட்டிட்டுப் போறோம்.”

இன்னும் அறுபது மீட்டர். மூன்று முதுகுகள் வளைவில் மறைந்தன. மார்ட்டினாவுக்கு எட்டாண்டுகளாகக் கிடைத்துவரும் தலைவரின் அந்த ‘நீ’ தமக்கு இனி ஒருபோதும் இல்லை என்பது அவருக்குத் துலக்கமாகத் தெரிந்தது. ஓய்வுபெறும் நாளன்றுகூடப் பூங்கொத்தை நீட்டி ‘ஹெர் ஃபெஸ்லர்’ என்றே சொல்வார்கள்.

அப்போதுதான் அட்டவணை இல்லாமல் அவர் தம் முதல் முடிவை எடுத்தார். இரு ஜிப்புகளையும் மேலிருந்து கீழ்வரை இழுத்தார். காலணியைக் கழற்றாமல், ஸ்கீயையும் கழற்றாமல், கால்சட்டை முழுதாகக் கையோடு வந்தது. அதை முதுகுப்பைமேல் கட்டினார். உள்ளே இருந்தது மாமியார் பின்னிய வெளிர்நீலக் கம்பளி உள்ளாடை. வலது முட்டியில் சிவப்பு நூலால் ஒட்டு. அந்தக் கோலத்தில், காற்று தொடைகளைத் தழுவ, கெபார்ட் ஃபெஸ்லர் ஏறினார்.

இரண்டாயிரத்து நூற்றிருபது மீட்டரில், உச்சியில் நட்டிருந்த சிலுவையின் அடியில் மற்றவர்கள் சாராயப் புட்டியைத் திறந்துகொண்டிருந்தார்கள். மார்ட்டினா வாயைப் பொத்திக்கொண்டாள். தலைவரின் மனைவி எதிர்ச்சரிவின் அழகை ரசிக்கத் திரும்பிக்கொண்டார். தலைவர் மட்டும் நெடுநேரம் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றிக் கை நீட்டி, தம் முதற்பெயரைச் சொன்னார்.

“ஆர்மின்.”

“கெபார்ட்.”

இருவரும் குடித்தார்கள். தலைவர் சிலுவையை ஒருமுறை பார்த்தார், உள்ளாடையை ஒருமுறை பார்த்தார்.

“கெபார்ட், நீ முதல்ல அந்தக் கால்சட்டைய மாட்டு. சிலுவை முன்னாடி நிக்கிறே.”

கெபார்ட் உடனே மாட்டவில்லை. அந்த ‘நீ’யைத் தலைவர் இன்னொருமுறை சொல்லக் கேட்க வேண்டும்போல் இருந்தது.