ஆவணியில் அளந்த கரை

மன்னாரில் கட்டடக் கலைஞராக இருப்பவருக்குப் பாதி நாள் தன் வேலை என்னவென்று விளக்குவதிலேயே போய்விடும். மேசன்மாருக்கு நான் 'படம் கீறுற மிஸ்'. பள்ளிமுனையில் ஒரு கடைக்காரர், கனடாவிலிருந்து தம்பி அனுப்பிய வீட்டின் படத்தைக் கைபேசியில் காட்டி, அதே மாதிரிச் செங்குத்தான கூரை வேண்டும் என்றார். அந்தச் சரிவு அங்கே விழும் ஸ்னோ வழுக்கி இறங்குவதற்காக என்று சொன்னேன்.

"இஞ்ச ஸ்னோ விழாட்டியும் வடிவாத்தானே இருக்கும் மிஸ்."

கீறிக்கொடுத்தேன். அந்தக் கூரை இன்றும் நிற்கிறது. காகங்கள் அதில் இறங்கி, இரண்டு அடி சறுக்கி, திரும்பப் பறந்துவிடுகின்றன. இதையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்லலாம். தாழ்வுபாடு என்ற கரையோரக் கிராமத்து வீட்டை அப்படிச் சொல்ல எனக்கு வராது. அது கட்டப்படவே இல்லை.

கேட்டவர்கள் ஒரு கணவனும் மனைவியும். தமிழ்நாட்டு அகதி முகாமொன்றிலிருந்து திரும்பி வந்தவர்கள். கணவருடைய பெற்றோரின் வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் மணலுக்கு மேலே தெரிந்தது. அங்கிருந்து கடல் கூப்பிடு தூரம். அரசாங்க வீட்டுத்திட்டத்தில் அவர்களின் பெயர் வந்திருந்தது. சொந்தக் காணியில் கட்ட விரும்புகிறவர்களுக்குப் படம் கீறுவது என் பொறுப்பு. கரையோரம் என்பதால் அதற்குரிய அரசாங்கக் கந்தோரின் அனுமதிக் கடிதம் வேண்டும். குறித்த நாளுக்குள் கடிதம் வராவிட்டால் உள்ளே, வீதிக்கு அப்பால், ஒரு காணித்துண்டும் எல்லாருக்கும் பொதுவான மாதிரி வீடும் கிடைக்கும்.

மனைவியை அக்கா என்றே கூப்பிட்டேன். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். சமையலறையில் நின்றால் கடல் தெரிய வேண்டும்.

"அங்க இருவத்தஞ்சு வருசமாச் சுவருக்குப் பெயின்ற் அடிச்ச மனுசன், பிள்ளை. இப்ப ஆரோ ஒருத்தற்றை போட்டில கூலிக்குப் போறார். கடல் இவருக்கு மறந்திருக்கும். போட் திரும்புறது எனக்குத் தெரிய வேணும்."

"கடலுக்கு என்னை மறக்கேல்லையாம், இவவுக்குத்தான் பயம்," என்றார் கணவர். பிறகு என் தாளைப் பார்த்து, "சுவரைக் குறைச்சுக் கீறுங்கோ பிள்ளை. கடைசியில பெயின்ற் அடிக்கப்போறது நான்தான்."

நான் அளக்கப் போனது ஆவணியில். சோளகக் காற்று மணலை முகத்தில் எறிந்துகொண்டிருந்தது. பழைய அத்திவாரத்தின்மேல் மூன்று கழுதைகள் நின்றன, வீட்டுக்காரர்களைப் போல. அளவு நாடாவின் ஒரு நுனியைப் பிடித்திருந்த அக்கா அவற்றைத் துரத்தினார். "இதுகளிட்ட ஒருத்தரும் அனுமதி கேக்கிறேல்லை."

அனுமதிக்கான தூரம் கடல்நீரிலிருந்து கணக்கிடப்படுவதில்லை. கரையில் நிலையாகப் பச்சை நிற்கும் எல்லையிலிருந்து கணக்கு; வீடு அதிலிருந்து குறித்த தூரம் உள்ளே தள்ளி நிற்க வேண்டும். தாழ்வுபாட்டில் அந்தப் பச்சை என்பது மணலில் படரும் அடம்பன் கொடி. அன்று அது வாடி, மணல் மூடி, கழுதைகள் விட்ட மிச்சமாகக் கரையிலிருந்து நன்றாகப் பின்னால் கிடந்தது. அளந்தேன். தேவையான தூரத்துக்கு நான்கு மீற்றர் குறைந்தது. மறுபடி அளந்தேன். அதே நான்கு.

அக்கா நான் குறிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாரிக்கு இந்தக் கொடி அந்தா, அந்த வள்ளம் கிடக்கிற இடம் வரைக்கும் போகும், பிள்ளை. பச்சையைக் கொஞ்சம் கடலுக்குக் கிட்டக் கீறுங்கோவன்."

கட்டடக்கலை படிக்கப் போகுமுன் இரண்டு வருடம் ஒரு பத்திரிகையில் செய்தி திருத்தியிருக்கிறேன். கண்டதை எழுது, கேட்டதை எழுதாதே என்பது அங்கே படித்த பாடம். அக்கா சொன்னதை வீடு வேண்டும் என்ற ஆசையின் பேச்சாகவே எடுத்துக்கொண்டேன். கந்தோர் அதிகாரி எப்படியும் நேரில் வருவார், அவரிடம் சொல்லலாம் என்றேன். வந்து பார்க்கும் ஒருவருக்கு என் கோடு ஒரு தொடக்கம்தான் என்று உண்மையாகவே நம்பினேன். பச்சையைப் பார்த்த இடத்திலேயே, பார்த்தபடியே கோட்டைக் கீறி, பச்சை நிறமும் கொடுத்தேன். சமையலறை யன்னலைக் கடல் பார்க்க வைத்தேன். நான் கீறிய வீடுகளில் அதுதான் நல்ல வீடு.

அதிகாரி வரவில்லை. மறுப்புக் கடிதம் வந்தது. கந்தோருக்குப் போனேன். மரியாதையான மனிதர், கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார்.

"நேர வந்து பாத்திருக்கலாமே, சேர்?"

"என்னத்துக்கு மிஸ்? வழமையா வாற படங்களை நம்பேலாது, அதால போய்ப் பாப்பம். உங்கடை படத்தில கொடி எங்க முடியுது எண்டு இலை இலையாக் கிடக்கு. இவ்வளவு திருத்தமா ஒருத்தரும் எங்களுக்குத் தாறேல்லை."

அவர் பாராட்டியே சொன்னார். மேசையில் என் படம் விரிந்திருந்தது. நான்கு மீற்றர் குறைவதை எந்தச் சந்தேகமும் இல்லாமல் காட்டியது. மாரியில் கொடி முன்னால் போகும் என்று அப்போது சொன்னேன். யார் சொன்னது என்று கேட்டார். காணிக்காரர் என்றேன். அவர் சிரிக்கவில்லை. பேனையை மூடி வைத்தார். ஆவணியில் அக்கா சொன்னதை நானும் அப்படித்தான் குறித்துக்கொள்ளாமல் விட்டிருந்தேன்.

குறித்த நாள் கடந்தது. அவர்களின் பெயர் உட்புறக் காணிக்கு மாறியது. அங்கே மாதிரிப் படம் ஏற்கெனவே இருந்தது; என்னுடையது தேவைப்படவில்லை.

ஐப்பசியில் மழை தொடங்கியது. கார்த்திகை முடிவில் ஒரு காலை, யாரும் கேட்காமலே, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தாழ்வுபாட்டுக்குப் போனேன். அத்திவாரம் மழையில் கறுத்திருந்தது. அடம்பன் கொடி அதற்கு முன்னால் மணல்மேட்டைத் தாண்டி, கவிழ்த்து வைத்த அந்த வள்ளத்தின் முன் அணியத்தைச் சுற்றிப் பூத்திருந்தது. நாடாவின் மறுநுனியைப் பிடிக்க ஆளில்லை. ஒரு கல்லை வைத்தேன். ஆவணியில் பச்சை நின்ற இடத்திலிருந்து பதினொரு மீற்றர் முன்னால் வந்திருந்தது. தேவைப்பட்டது நான்கு.

புகைப்படங்கள் எடுத்துக் கந்தோருக்குக் கொண்டுபோனேன். அதிகாரி பொறுமையாகப் பார்த்தார். அவர்களுடைய விண்ணப்பக் கோவையை மூடியாயிற்று என்றார். "இனி மாரியில அளவுங்கோ மிஸ்."

தைப்பொங்கல் கழிந்த பிறகுதான் புது வீட்டுக்குப் போகத் துணிவு வந்தது. ஒரே மாதிரி வீடுகள், வரிசையாக. அக்கா கதிரை எடுத்துப் போட்டு, தேத்தண்ணி தந்தார். கணவர் விடியவே கடலுக்குப் போய்விட்டாராம். இப்போது போகவும் வரவும் சைக்கிள் வேண்டும். திரும்பும் நேரம் பார்த்து அக்கா ஒவ்வொரு நாளும் கரைக்கு நடந்துபோய் நிற்கிறார். திட்டு வாங்கத் தயாராகவே போயிருந்தேன். அக்கா திட்டவில்லை.

"நீங்கள் சரியாத்தானே கீறினீங்கள், பிள்ளை. அதில ஒரு பிழையும் இல்லை."

பிறகு சமையலறைக்குக் கூட்டிக்கொண்டுபோனார். கடல் பக்கச் சுவரில் யன்னல் இல்லை. ஒன்று உடைத்து வைக்கலாமா என்று கேட்டார். அந்தச் சுவருக்கு அப்பால் நாலு அடியில் அடுத்த வீட்டு மலசலகூடத்தின் பின்புறம். அதற்குப் பின்னால் வீடுகள், பஸ் போகும் வீதி, பனைகள். கடல் இரண்டு கிலோமீற்றருக்குக் குறையாது.

"ஒண்டும் தெரியாது அக்கா."

"தெரியாதெண்டு எனக்குத் தெரியும். போட் எஞ்சின்ரை சத்தமாவது வருமே?"

அவர் கையிலிருந்த கரித்துண்டை என்னிடம் நீட்டினார். நாடாவை எடுத்து அளக்காமல், அவருடைய காது உயரத்துக்குப் பார்த்து, சுவரில் ஒரு சதுரம் கீறினேன்.

"வரும்," என்றேன்.